சொன்ன இடத்திலேயே எடுக்க வேண்டும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை மத்தியானம் கோபம் வரக் கொஞ்சம் நேரமானது. முதலில் வந்தது சிரிப்பு.

கோடவுனின் பின்கட்டில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டே போனைத் திறந்தேன். நான் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் ஒரு புரோகிராமுக்குப் புகார்ப் பக்கம் ஒன்று உண்டு. அதில் புதிதாக ஒரு புகார், ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘நாற்பது சாக்கு எடை போட்டால் எண்பது என்று காட்டுகிறது. எந்தக் கழுதை இதை எழுதியது? அறிவில்லாததெல்லாம் புரோகிராம் எழுதக் கிளம்பினால் இப்படித்தான். வேலை தெரியாவிட்டால் மாடு மேய்க்கப் போ.’ ஆதாரத்துக்குக் கீழே ஒரு போட்டோ. புதுத் தராசு, அதன் மேல் ஒரு வெறும் சாக்கு, பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், சுவரில் நீலக் கயிற்றில் தொங்கும் ஒரு முறம்.

அந்த முறத்தை அங்கே மாட்டியது நான். என் முதுகுக்குப் பின்னால் பதினைந்தடி தூரத்தில் அது அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலை அந்தத் தராசைப் போட்டோ எடுத்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் மேனேஜர். அவர் குனிந்து நிமிர்ந்து போட்டோ எடுத்ததை நானே பார்த்தேன். எண்ணிக்கை தப்பாக வருகிறதென்று தராசு விற்றவனுக்கு அனுப்பப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அவர் பக்கத்து அறையில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கழுதை என்று எழுதிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “மோளே, ஊணு கழிச்சோ?” என்று அன்பாகக் கேட்டார். சாப்பிட்டாயா மகளே என்று. எனக்குப் புரையேறிவிட்டது.

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகும் சுக்கும் ஏலமும் வாங்கி அனுப்பும் கோடவுன் அது. நான் அங்கே கணினியில் எடை பதிகிறவள். மேனேஜருக்கு ஐம்பது வயதுக்கு மேல். மலையாளி என்றாலும் போடிநாயக்கனூர் ஏல வியாபாரிகளோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வரும். என்னிடம் இரண்டையும் கலந்துதான் பேசுவார். நான் அவரைச் சேட்டா, அதாவது அண்ணா, என்பேன். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது கேட்காமலே பத்து நாள் லீவு கொடுத்தவர். தொழிலாளிகளை வாடா போடா என்று ஒருநாளும் சொன்னதில்லை. நல்ல மனிதர். அதுதான் சிக்கலே. கெட்டவர் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அந்தப் புரோகிராம் பெரிய விஷயமில்லை. தராசிலிருந்து ஒரு ஒயர் கணினிக்கு வரும். சாக்கு தராசில் ஏறி எண் நின்றதும் அந்த எடையைத் தானாகப் பதிந்து, சீட்டு அடித்துத் தரும். களமசேரியில் டிப்ளமோ முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒவ்வொரு எடையையும் கண்ணால் பார்த்துக் கையால் அடித்து என் கழுத்து பிடித்துக்கொண்டது. அந்த வலியில் எழுதியதுதான். எழுதியதை ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பைசா தர வேண்டாம். சின்னச் சின்னக் கடைக்காரர்கள் எங்கெங்கிருந்தோ எடுத்துக்கொண்டார்கள். அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஆனால் கோடவுனில் யாருக்கும் அது நான் எழுதியது என்று தெரியாது. நெட்டில் சும்மா கிடைத்தது என்று சொல்லித்தான் கணினியில் ஏற்றினேன், இணையத்திலும் என் சொந்தப் பெயரைப் போடவில்லை. அம்மா கார்ப்பரேஷனில் தெரு கூட்டியவள். இரண்டு தலைமுறையாகக் கொச்சியில் இருந்தும் நாங்கள் இந்தத் தெருவுக்குப் பாண்டிக்காரர்கள்தான், தமிழர்களை இங்கே இளக்காரமாக அப்படித்தான் சொல்வார்கள். அந்த வீட்டுப் பெண் எழுதியது என்றால் மிளகு மூட்டையை நம்பிப் போடுவார்களா? வெளிநாட்டில் ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு எழுதியது என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. என் புத்திசாலித்தனத்தை அன்று நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, திட்டு எழுதிய அந்தக் கணக்கின் பெயரைத் தட்டினேன். வெறும் நான்கு எழுத்துப் பெயர், முகம் இல்லை. இதற்கு முன் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கும் ஆசைதான். ஒரே ஒரு பழைய புகார் இருந்தது. நான்கு மாதம் முந்தையது, அதுவும் எங்கள் பக்கத்திலேயே. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அந்த வாசகம் எனக்கு மனப்பாடம்.

‘ஸ்டிக்கர் கோணலாக வருகிறது. இதை எழுதியவருக்குக் கண் தெரியாதா? பெயரைப் பார்த்தால் பெண் மாதிரி இருக்கிறது. அடுப்படியை விட்டுவிட்டு ஏன் இதில் கைவைக்க வேண்டும்?’

இது எனக்கு எழுதியதல்ல. அந்த ஸ்டிக்கர் பகுதியை எழுதியவர் இன்னொருவர். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு விதைக் கடையில் வேலை பார்ப்பவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் கடைக்கு விதைப் பொட்டலம் நிறுத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருந்தது. என் புரோகிராமை எடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டிக்கர் அடிக்கும் பகுதியைத் தானே எழுதி எனக்கு அனுப்பினார். அதிலிருந்து மூன்று வருடம் சேர்ந்து வேலை செய்தோம். நேரில் பார்த்ததே இல்லை. நான் அக்கா என்று எழுதுவேன். மலையாளம் படித்து வளர்ந்தவள் நான். தமிழ் பேசத்தான் தெரியும், எழுத்து தடுமாறும். அக்காவுக்குக் கடிதம் எழுதி, அவர் பிழை திருத்தி அனுப்பித்தான் என் எழுத்துத் தமிழ் தேறியது. இப்போது இதை எழுதுவதும் அவர் போட்ட பிச்சைதான்.

அன்று அந்தப் புகாருக்கு அக்கா எவ்வளவு பொறுமையாகப் பதில் எழுதினார் தெரியுமா? ‘எந்த பிரிண்டர் என்று சொன்னால் பார்க்கிறேன்’ என்றார். ‘கேள்வி கேட்காதே, சரி செய்’ என்று வந்தது. மறுபடியும் மரியாதையாகக் கேட்டார். ‘தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லித் தொலை’ என்று வந்தது. அக்கா எனக்குத் தனியாக எழுதினார்: ‘என்ன செய்யலாம்மா? கை நடுங்குது.’

நான் என்ன எழுதினேன் என்பது இன்னும் என் போனில் இருக்கிறது. ‘விடுங்க அக்கா. நாய் குரைச்சா நாமளும் குரைக்கணுமா? சரி பண்ணிக் குடுத்துடுங்க, போயிடும்.’

அவரும் சரி பண்ணிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து, கடையில் வேலை அதிகம், இனி இதில் நேரம் செலவழிக்க முடியாது என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ‘நல்லா இருக்கேம்மா’ என்று மட்டும் வரும். வேலை அதிகம் என்பது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கேட்கவில்லை.

அந்த வாரம் சித்தி மகள் கல்யாணத்துக்காக நான் லீவில் இருந்தேன். திரும்பி வந்தபோது மேனேஜர் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. “ஸ்டிக்கர் கோணலா வந்துச்சு மோளே, நான் நெட்ல ரெண்டு வார்த்தை கடுப்பமா எழுதினேன், சரியாக்கிட்டாங்க.” நானும் தலையாட்டினேன். பிரிண்டர் கம்பெனிக்கு எழுதியிருப்பார் என்று விட்டுவிட்டேன். எங்கள் கோடவுன் மூட்டையில் நேராக ஒட்டியிருக்கிற ஒவ்வொரு ஸ்டிக்கரும் அக்கா கை நடுங்கத் திருத்தியது. அதை நான்கு மாதமாக நானே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதுதான் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

அன்று மாலை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துவிடத் தீர்மானித்தேன். ஒரே பொத்தான்தான். அழுத்தினால் புரோகிராம் இணையத்திலிருந்து போய்விடும், புகார்ப் பக்கமும் போய்விடும், நான் நிம்மதியாக இருப்பேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே, “என்னடி, மொகம் மத்தி மீன் கணக்கா இருக்கு?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். பொத்தான் வரைக்கும் போனேன். அங்கே, ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கேட்டது. அதில் அக்கா எழுதிய பகுதியும் சேர்ந்து அழியுமே என்று அப்போதுதான் உறைத்தது. மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை எழுந்து, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் அந்தத் தவறைத் தேடினேன். அரை மணி நேரத்தில் அகப்பட்டது. தவறு என்னுடையதுதான், அதில் பேச்சில்லை. எங்கள் தொழிலாளிகளுக்கு ஒரு வழக்கம்: முதலில் வெறும் சாக்கைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார்கள், சாக்கின் எடை கழிந்துவிடும். பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவார்கள். இரண்டு மூட்டைக்கு நடுவில் தராசு காலியாக இருக்கும்போது எண் பூஜ்யத்துக்குக் கீழே போய் நிற்கும். பழைய தராசு அதைக் கணினிக்குச் சொல்லாது. புதுத் தராசு சொல்கிறது. என் புரோகிராம் அந்தக் கழித்தல் குறியைக் கவனிக்காமல், முக்கால் கிலோவில் இன்னொரு மூட்டை என்று பதிந்துகொள்கிறது. அதனால் நாற்பது மூட்டை எண்பதாகிவிட்டது. இப்படி வெறும் சாக்கை வைத்து நிறுக்கிறவர்கள் நடுவிலேயே உட்கார்ந்து வேலை செய்துகொண்டு இதை யோசிக்காமல் எழுதியிருக்கிறேன் என்றால், கழுதை என்ற பட்டம் கொஞ்சம் பொருந்தத்தான் செய்கிறது. திருத்தி, சரிபார்த்து வைத்துக்கொண்டேன். இணையத்தில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பத்து மணிக்கு வாசலில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் தலையில் சுக்கு மூட்டையோடு சந்து வழியாக லாரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆலுவாவிலிருந்து வந்திருந்த ஒரு தரகருக்கு அவசரம். மூட்டை ஒன்று அவர் தோளில் உரச, தாயைச் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

யாரும் கத்தவில்லை. திட்டு வாங்கியவர் தன் மூட்டையை நின்ற இடத்தில் இறக்கி வைத்தார். அவருக்குப் பின்னால் வந்த ஏழு பேரும் அவரவர் நின்ற இடத்தில் இறக்கினார்கள். நடுச் சந்தில் எட்டு மூட்டை. ஆளுக்கொரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்கள். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. பஜாரில் சுமை தூக்குகிறவர்களுக்கு இது பழைய விதி. திருப்பித் திட்ட மாட்டார்கள், கை நீட்ட மாட்டார்கள். சுமையை இறக்கிவிடுவார்கள். சொன்னவர் அந்த வார்த்தையைச் சொன்ன இடத்தில் நின்று, கேட்டவர்கள் காது கேட்கத் திரும்ப எடுக்க வேண்டும். அதுவரை ஒரு கிலோ நகராது.

தரகர், தப்பு தன் பேரில் இல்லை, மூட்டை தன்மேல் உரசியது என்றார். உரசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று அந்தத் தொழிலாளியே முதலில் சொன்னார். வார்த்தைக்கு நீங்கள் கேளுங்கள் என்றார். தரகர் உள்ளே வந்து எங்கள் மேனேஜரைப் பிடித்துக்கொண்டார், நீங்கள் சொல்லி மூட்டையை எடுக்கச் சொல்லுங்கள் என்று.

மேனேஜர் எழுந்தார். தரகரின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர் முன்பு நின்ற அதே கல்லின் மேல் நிறுத்தினார்.

“மனுஷன்மாரோட இப்படியா பேசுறது? இங்க நின்னு சொன்னீங்க, இங்க நின்னே எடுங்க. என்டெ ரூமுக்குள்ள வந்து சொன்னா ஆகாது.”

தரகர் எடுத்தார். முணுமுணுப்பாகத்தான் எடுத்தார், ஆனால் எட்டுப் பேருக்கும் கேட்டது. உடனே எழுந்தார்கள், மூட்டைகள் தலைக்குப் போயின. அது முடிந்ததும் சாயா வந்தபோது தரகருக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார்கள். வார்த்தையை எடுத்துவிட்டால் பிறகு அதைப் பற்றி ஒருவரும் பேசக் கூடாது. அதுவும் விதியில் சேர்ந்ததுதான்.

நான் வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று மனதுக்குள் ஒரு பக்கம் பொருமல். இன்னொரு பக்கம், அதைவிடப் பலமாக வேறொன்று. இந்தக் காட்சியை இந்த வாசலில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! திட்டு வாங்கியவர் ஒருவர், சுமையை இறக்கியவர்கள் எட்டுப் பேர். அக்கா திட்டு வாங்கியபோது நான் என்னுடைய மூட்டையை இறக்கவில்லை. போதாததற்கு, நீங்களும் சுமந்துகொண்டே நடங்கள் அக்கா என்று சொன்னேன்.

நேராக என் மேசைக்கு வந்து அந்தப் பக்கத்தில் எழுதினேன். எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில், ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல். ‘தவறு என்னுடையது. மன்னிக்கவும். திருத்தம் தயாராக இருக்கிறது. ஆனால் நீங்கள் இந்தப் பக்கத்தில் இரண்டு தடவை தகாத வார்த்தை சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று எனக்கு, ஒன்று நான்கு மாதம் முன்பு ஸ்டிக்கர் பகுதியை எழுதியவருக்கு. இரண்டையும் இதே பக்கத்தில் திரும்ப எடுங்கள். அதன் பிறகு திருத்தம் வரும்.’

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பல்லைப் பார்க்கட்டும். ஆடுகிற பல் இருந்தால் சொல்லட்டும், நல்லதுதான். மாட்டைக் கொடுத்தவளை உதைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அன்று முழுக்கக் கையால் எடை எழுதினோம். ஒருவர் தராசைப் பார்த்துச் சொல்ல, நான் நோட்டில் எழுத, இன்னொருவர் சரிபார்க்க. தொழிலாளிகளுக்கும் தாமதம். எனக்கு உறுத்தியது. திருத்தம் என் பைக்குள் இருக்கிறது, இவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். இரண்டு தடவை கணினியைத் திறந்து, மூடினேன். இறக்கியது இறக்கியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். அவர் அறையில் கணினி திறந்திருந்தது. நான் எழுதியது திரையில்.

“கேட்டோ மோளே, இந்த அகங்காரத்தப் பாரு. சும்மா குடுக்குற சாதனம், அதுல தப்பு வேற. நாம போய் அவன்கிட்ட மாப்பு கேக்கணுமாம்! நீ இங்க இரி. எனக்கு இங்கிலீஷ் ஓடாது, நான் சொல்லிச் சொல்லித் தர்றேன், நீ நல்லா டைப் பண்ணு.”

உட்கார்ந்தேன். கையை விசைப்பலகையின் மேல் வைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

“எழுது. உன் மாதிரி ஆளுகள...” என்று ஆரம்பித்து, என்னைப் பற்றி என்னிடமே மூன்று வாக்கியம் சொன்னார். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நான் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை என்பதைக் கண்ணைத் திறந்த பிறகுதான் பார்த்தார்.

“எந்தா, எழுதலையா?”

“எழுத மாட்டேன் சேட்டா.”

“எந்தா காரியம்?”

“அது நான்தான். அந்தப் புரோகிராம் நான் எழுதினது.”

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். என் போனில் அந்தப் பக்கத்தை என் கணக்கில் திறந்து மேசையில் வைத்தேன். போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“என்டெ மோளே... நீ ஆதியிலேயே சொல்லியிருந்தா நான் அப்படி எழுதுவேனா?”

“அப்ப வேற ஒருத்தரா இருந்தா எழுதலாமா சேட்டா?”

பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

“ஷெரி. ஸாரி மோளே. தெரியாம எழுதிட்டேன். போட்டே, விட்டுடு.”

“என்கிட்ட இங்க சொன்னா ஆகாது. அங்க சொல்லணும். எனக்குச் சொல்லாட்டியும் வேணாம், அந்த அக்காவுக்குச் சொல்லணும். அவங்க அதோட போயிட்டாங்க. அவங்க எழுதின ஸ்டிக்கரத்தான் நாம இன்னிக்கும் ஒட்டுறோம்.”

“நீ அல்லே அதுக்கு முதலாளி? அந்த ரெண்டையும் நீயே அழிச்சிடேன். பின்ன பிரச்சினை இல்லல்லோ.”

“நான் அழிச்சா அது நான் அழிச்சது. சொன்ன ஆள்தான் எடுக்கணும்.”

அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் அது என்மேல் வந்து பார்த்ததில்லை. “இது ஆபீஸாக்கும். உள்ள இருந்துட்டு எனக்கே சட்டம் பேசுறியா? முதலாளி கேட்டா நான் என்ன சொல்றது? எங்க ஆளே திருத்தத்தை ஒளிச்சு வெச்சிருக்கான்னா?”

வேலை போகலாம் என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அம்மாவின் மாத்திரை, வீட்டு வாடகை, எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வரிசையாக வந்து நின்றன. ஆனாலும் எழுந்து நின்று சொன்னேன்.

“சொல்லுங்க சேட்டா. இன்னிக்குக் காலையில தரகரக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் அதே கல்லு மேல நிறுத்துனீங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க.”

வெளியே வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். நோட்டை எடுத்து மிச்ச எடைகளை எழுதினேன். ஐந்தரைக்கு அவர் தன் அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளும் கையால்தான் எடை. மோளே என்று அவர் கூப்பிடவில்லை. வேண்டியதைத் தொழிலாளிகள் மூலமாகவே சொல்லியனுப்பினார். கம்ப்யூட்டர் எப்போது சரியாகும் என்று தொழிலாளிகளின் லீடர் கேட்டபோது, தெரியவில்லை என்று இரண்டு பேருமே ஒரே சமயத்தில் சொன்னோம். மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டு மத்தியானம் வரை ஓட்டினேன். எனக்குள் இருக்கிற கோழை, போட்டுத் தொலைத்துவிடு, வேலை முக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இந்தத் தடவை செவி கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். நான்கு மாதம் முன்பு அவள் பேச்சைக் கேட்டுத்தான் அக்காவுக்கு அந்தப் பதிலை எழுதினேன்.

மூன்றே காலுக்கு என் போன் ஒலித்தது. புகார்ப் பக்கத்தில் புதிதாக ஒன்று.

நான்கு எழுத்துக் கணக்கு அல்ல. தன் முழுப் பெயரில், தன் படத்தோடு, புதுக் கணக்கு திறந்து எழுதியிருந்தார். ஆங்கிலம் தடுமாற்றமாகத்தான் இருந்தது, யாரிடமும் கொடுத்துத் திருத்தவில்லை என்று தெரிந்தது. ‘இந்தப் பக்கத்தில் வேறு பெயரில் இரண்டு தடவை மோசமாக எழுதியது நான். இரண்டையும் திரும்ப எடுக்கிறேன். ஸ்டிக்கர் பகுதியை எழுதிய சகோதரியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் வேலையை நான் தினமும் பயன்படுத்துகிறேன். எதிரே ஆள் இல்லை என்று நினைத்து எழுதிவிட்டேன்.’

இரண்டு நிமிடத்தில் திருத்தத்தை இணையத்தில் போட்டேன். கோடவுன் கணினியிலும் ஏற்றினேன். வெறும் சாக்கை வைத்து, எடுத்து, மூட்டை போட்டுப் பார்த்தோம். நாற்பது மூட்டை நாற்பது என்று காட்டியது. மேனேஜர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “மோளே, சாயா பறயட்டே?” என்றார். சொல்லுங்கள் சேட்டா என்றேன். குடித்தோம். அதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசியதில்லை.

அந்தப் பக்கத்தின் முகவரியை அன்றே அக்காவுக்கு அனுப்பினேன். நீளமாகத் தமிழில் எழுதினேன். அவர் வார்த்தையை எடுத்துவிட்டார், இனி யாரும் இப்படி எழுத விடமாட்டேன், நீங்கள் திரும்பி வாருங்கள், உங்கள் இடம் அப்படியே இருக்கிறது என்று. நிச்சயம் வருவார் என்று நம்பினேன். அவர் வந்தால் முதலில் என்ன செய்யலாம் என்றுகூட ஒரு காகிதத்தில் எழுதி வைத்தேன்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது.

‘படிச்சேன்மா. அவர் எழுதினது நல்லா இருந்துச்சு, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லு. ஆனா நான் வரலை. அவர் திட்டினதுக்காக நான் போகலைம்மா. முகம் தெரியாத ஆளு, நாலு நாள்ல மறந்திருப்பேன். சரி பண்ணிக் குடுத்துடுங்கன்னு நீ சொன்ன பாரு, அதுக்குத்தான் போனேன். இன்னிக்குச் செஞ்சதை அன்னிக்குச் செஞ்சிருந்தா இருந்திருப்பேன்.’

பிழை ஒன்றும் இல்லாத, சின்னச் சின்ன வாக்கியங்கள். எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பதில் எழுத உட்கார்ந்து, எழுதியதையெல்லாம் அழித்தேன். மன்னிப்பை அவருக்குத் தனியாக அனுப்புவது சுலபம். நான் சொன்னதும் தனியாகத்தான், யாருக்கும் தெரியாது. ஆனாலும் அக்காவின் பகுதி எங்கே இருக்கிறதோ, அங்கே வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படிதான் நான் எழுத வேண்டும் என்று பட்டது.

புரோகிராமின் முதல் பக்கத்தைத் திறந்தேன். இங்கே வேலை செய்கிறவர்களை யாராவது தகாத வார்த்தை சொன்னால், அவர் அதைத் திரும்ப எடுக்கும்வரை எல்லோருடைய வேலையும் நிற்கும் என்று எழுதினேன். அதற்குக் கீழே, ஸ்டிக்கர் பகுதியை எழுதியவர் அவமானப்பட்டபோது நான் அவரைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன், அது என் தவறு, அதனால் அவரை இழந்தோம் என்று என் முழுப் பெயரையும் ஊரையும் போட்டு எழுதினேன். அதை அக்கா பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.